ஒரு நிமிடம் காத்திருங்கள்

நவம்பர் 4

மழை. டிராமில் உட்கார இடம் கிடைத்தது. இப்போதெல்லாம் கிடைத்துவிடுகிறது; எங்கள் கட்டடத்துக்கு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். மூன்றாம் மாடியில் நாற்காலிகளை மேஜைமேல் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்து தொலைபேசியில் பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்த இடம் அது. பிரான்சில் யார் வீட்டு இண்டர்நெட் நின்றாலும் காசாபிளாங்காவில் நாங்கள்தான் வருந்துவோம். இப்போது இயந்திரம் வருந்துகிறது, எங்களைவிட அழகாக. மிச்சம் நாங்கள் ஒன்பது பேர். அது பேசுவதைக் கேட்டு, தப்பிருந்தால் குறித்து வைப்பது வேலை.

வீட்டில் என் கணவன் ஜவாத் இன்றும் சவரம் செய்யவில்லை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளை அரபிக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவன். கோடைக்கு முன்பே அதையும் இயந்திரம் எடுத்துக்கொண்டது.

"சாப்டியா?"

"வேலை செஞ்சாத்தானே பசிக்கும்."

அவன் தட்டை மூடி வைத்துவிட்டு என் பங்கைச் சாப்பிட்டேன்.

நவம்பர் 11

மேலாளர் தாரிக் கூப்பிட்டார். இயந்திரத்தில் ஒரு கோளாறாம். மாலை ஏழு மணி தாண்டியதும், நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே, "ஒரு நிமிடம் காத்திருங்கள்" என்று சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டுவிடுகிறதாம். பிறகு திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதாம். கொஞ்ச நேரத்துக்கு எல்லா அழைப்பிலும் இதே கதை. பாரிஸில் பொறியாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

"இது சரியாகுற வரைக்கும் உங்க ஒன்பது பேரையும் வெச்சிருப்பாங்க. சரியாயிட்டா..." தோளைக் குலுக்கினார். "ஆனா கண்டுபிடிக்கச் சொல்லித்தான் என்னைய நெருக்குறாங்க, சிஹாம்."

ஒரே ஒரு அழைப்பைக் கேட்டேன். போதும், தெரிந்துவிட்டது.

அதற்குப் பாடமாகக் கொடுத்தவை போன ரமலானில் நாங்கள் பேசிய அழைப்புகள். பாங்கு வேளையில் எங்களுக்கு இடைவேளை கிடையாது. அதனால் எல்லோருக்கும் ஒரே தந்திரம். வாடிக்கையாளரை ஒரு நிமிடம் காத்திருக்கச் சொல்லிப் பாட்டைப் போடுவோம். ஒரு பேரீச்சம்பழம், ஒரு மடக்குத் தண்ணீர். பிறகு மன்னிப்பு. அதைத்தான் அது கற்றுக்கொண்டிருக்கிறது. பாவம், தினமும் நோன்பு திறக்கிறது. போன ரமலானில் பிரான்ஸ் நேரப்படி ஏழு மணி தாண்டித்தான் பாங்கு; இந்த நவம்பரில் அந்த நேரத்துக்கு இங்கே இருட்டி வெகுநேரம் ஆகியிருக்கும். அதனால் யாருக்கும் பொறி தட்டவில்லை.

கழிவறைக்குப் போய்ச் சிரித்தேன். பாதியில் அது அழுகையாகிவிட்டது.

நவம்பர் 12

தாரிக்கிடம் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 20

ராபியாவுக்கும் தெரிந்திருக்கிறது. சாப்பாட்டு அறையில் என்னைப் பார்க்காமலே "பேரீச்சம்பழம்" என்றாள்.

"வாய மூடு."

"நான் எங்க தொறந்தேன்? எனக்கு ஏழாம் மாசம். வேலை போனா காப்பீடும் போயிரும். பிள்ள பொறக்கிற வரைக்குமாவது அந்தப் புண்ணியவதி நோன்பு தொறக்கட்டும்."

ஒன்பது பேருக்கும் தெரியும் என்றுதான் தோன்றுகிறது. யாரும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஜவாத்திடம் சொல்லலாமா? வேண்டாம். அவன் வாயில் ஒன்றும் தங்காது. காலையில் காபிக் கடைக்குத் தெரிந்துவிடும், மாலையில் ஊருக்கே தெரிந்துவிடும்.

டிசம்பர் 9

சண்டை. "நாள் பூரா அந்த மெஷின் பேச்ச கேக்குற, நான் ஒரு வார்த்தை பேசுனா தலை வலிக்குதுங்குற. வேலைல இருக்கோம்கிற திமிரு" என்கிறான். திமிராம். எனக்கு. என்னைக்கு வெளிய தள்ளுவாங்களோன்னு வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு அலையுறேன், எனக்குத் திமிராம். என்னால முடியல. நெஜமாவே முடியல.

டிசம்பர் 23

இன்றும் ஏழு மணிக்கு மேல் இயந்திரம் காத்திருக்கச் சொன்னது. நன்றி.

ஜனவரி 8

ஜவாத் சவரம் செய்திருக்கிறான். இணையத்தில் ஏதோ வேலையாம். துண்டு துண்டாகப் பேச்சு வரும், கேட்டு என்ன குறை என்று எழுத வேண்டும்.

"யாரு குடுக்குறா?"

"யாருக்குத் தெரியும். பேரு, கம்பெனி எல்லாத்தையும் வெட்டிட்டுத்தான் அனுப்புறாங்க. நேரம் மட்டும் போட்டிருக்கும். ஏன், கூலி குடுக்குறவன் ஜாதகம் வேணுமா உனக்கு?"

கிண்டல் செய்கிறான். எத்தனை மாதம் ஆயிற்று.

ஜனவரி 15

கதவைத் திறக்கும்போதே பொரித்த மத்தி மீன் வாசம். ஜவாத் சமைத்திருந்தான்.

"உக்காரு. உன் புருஷன் இன்னைக்குப் பெரிய ஆளு."

"என்னவாம்?"

"ஒரு மெஷினு. சாயங்காலம் ஆனா காத்திருங்கன்னு சொல்லிட்டு ஓடிப்போயிடுது. காரணம் சொன்னா கூடுதல் கூலின்னு போட்டிருந்தாங்க. உலகம் பூரா எத்தனை பேரு கேட்டானோ, ஒருத்தனுக்கும் புரியல. எனக்கு ஒரு தடவ கேட்டதும் நீதான் ஞாபகம் வந்த. நோன்புல பாட்டைப் போட்டுட்டுப் பழத்தை வாயில போடுவோம்னு சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுவியே? இங்க எல்லா கால் சென்டர்லயும் இதானே கதைன்னு அதை அப்படியே எழுதி அனுப்பிட்டேன். சரியான பதில்னு வந்துடுச்சு."

முள் எடுத்து மீனை என் தட்டில் வைத்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"ஏன் அப்படிப் பாக்குற? முள்ளா?"

"ஆமா. முள்ளு."

எப்படிச் சொல்வேன்? சொன்னால் அந்த முகம் என்ன ஆகும்? முன்பே சொல்லியிருக்க வேண்டும். காபிக் கடைக்குத் தெரிந்திருக்கும், அவ்வளவுதான். காபிக் கடையிலிருந்து பாரிஸுக்கு யார் எழுதப் போகிறார்கள்?

ஜனவரி 22

கோளாறு நீங்கிவிட்டது. ஒன்பது பேருக்கும் நாளையிலிருந்து வேலை இல்லை. தாரிக் தன் மேஜையையும் காலி செய்துகொண்டிருந்தார்.

"யாரு சொல்லியிருப்பா?" என்றாள் ராபியா.

"தெரியல."

"நம்மாளுதான். பிரெஞ்சுக்காரனுக்கு இது தோணாது. நாசமாப் போவான்." வயிற்றைப் பிடித்துக்கொண்டு லிஃப்டுக்குப் போனாள். நான் படியில் இறங்கினேன்.

பிப்ரவரி 2

ராபியாவுக்குப் பெண் குழந்தை. படம் அனுப்பியிருக்கிறாள். போய்ப் பார்க்க எனக்கு முகமில்லை.

பிப்ரவரி 19. ரமலான் முதல் நாள்

ஜவாத் என்னையும் அவன் வேலையில் சேர்த்துவிட்டான். கம்பெனி எங்களைக் கைகழுவிவிட்டது என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியும்; எதனால் என்பது தெரியாது. "கவலைப்படாத, நான் இருக்கேன்ல" என்று எதை எங்கே அழுத்த வேண்டும் எனச் சொல்லிக்கொடுத்தான். திறந்த துண்டை நடுவில் நிறுத்தினால் அதற்குக் கூலி கிடையாது.

சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். அடுப்பில் ஹரீரா சூப் சூடாக இருந்தது. என் துண்டில் நேரம் ஏழு மணிக்கு மேல். இண்டர்நெட் வராத யாரோ ஒரு பெண்ணிடம் எங்கள் பழைய இயந்திரம் நிறுத்தாமல் பேசியது. ஒரு இடத்தில்கூட அவளைக் காத்திருக்கச் சொல்லவில்லை. குறை எதுவும் இல்லை என்று குறித்தேன். அடுத்ததைத் திறந்தேன்.

பாங்கு கேட்டது. ஜவாத் காதிலிருந்து இயர்போனைக் கழற்றாமல் பேரீச்சம்பழத் தட்டை என் பக்கம் தள்ளினான். நானும் கழற்றவில்லை. இருவரும் கேட்டுக்கொண்டே மென்றோம்.