மேடையின் உயரம்

அக்கா வீட்டுக்குப் போயிருக்கும் என் மனைவிக்கு,

ஒரு வாரத்தில் வருவதாகச் சொல்லிப் போனாய், மூன்று மாதமாகிறது. எப்போது வருவாய் என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை.

வீட்டுக்கு விலை பேசி முடித்தாயிற்று. பிள்ளைகள் போன பிறகு இரண்டு பேருக்கு எதற்கு நான்கு அறை என்று நீதானே சொன்னாய். சமையலறையை இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டு விற்றால் நல்ல விலைக்குப் போகும் என்றார் தரகர். நானும் கொத்தனாரை வரச்சொன்னேன்.

அவர் சமையல் மேடையை அளந்துவிட்டு, கீழே கிடந்த பலகையைக் காட்டி, "இது எதுக்குங்க?" என்றார்.

"என் மனைவி கொஞ்சம் குள்ளம். அது மேல நின்னுதான் சமைப்பா."

"எத்தனை வருஷமா?"

"இருபத்தாறு."

"அப்பல்லாம் விட்டுட்டு, இப்ப யாரோ வரப்போறவங்களுக்காக இடிக்கிறீங்களா?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நீ கேட்டபோதெல்லாம் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றவன் நான்.

இடிக்க வேண்டாமென்று சொல்லிவிட்டேன். வீடு இருந்தபடியே போகிறது, விலை கொஞ்சம் குறைவுதான். ஆனால் அன்று மத்தியானம் படுத்தவன், ரொம்ப நாளைக்குப் பிறகு அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன்.

நாம் போகப்போகும் சின்ன வீட்டில் அதே கொத்தனார்தான் மேடை கட்டுகிறார். எவ்வளவு உயரம் என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தரையிலிருந்து உன் முழங்கை வரை அளந்து எழுது. இல்லையென்றால் நேரில் வந்து நின்று காட்டு. திங்கட்கிழமை வேலை தொடங்குகிறது.

வீட்டை விற்றாலும்
உன் வீட்டுக்காரன்