பொருந்தாத பதினோரு பேர்

மார்ச் 3

எங்கள் ஆய்வகத்தில் நூற்று முப்பத்தொன்பது பேர் ஆடி முடித்துவிட்டார்கள். ஆட்டம் சின்னக் குழந்தைக்கும் புரியும். தடுப்புக்கு அப்பால் முகம் தெரியாத ஒருவர். சுற்றுக்குச் சுற்று இருவரும் 'சேர்' அல்லது 'விலகு' என்று அழுத்த வேண்டும். இருவரும் சேர்ந்தால் இருவருக்கும் நல்ல புள்ளி. ஒருவர் மட்டும் விலகினால் அவர் அள்ளிக்கொண்டு போவார், சேர்ந்தவர் பாடு திண்டாட்டம். இப்படி அறுபது சுற்று. அழுத்தியதை மட்டும் வைத்து, ஆடியவர் மனத்தில் என்ன திட்டம் இருந்தது என்று என் கணினி நிரல் கண்டுபிடிக்கும். பழிக்குப் பழி வாங்குபவர், ஒருமுறை ஏமாந்தால் ஜென்மத்துக்கும் சேராதவர், என்ன செய்தாலும் சேர்பவர் என்று நூற்று இருபத்தெட்டுப் பேர் அடங்கிவிட்டார்கள்.

பதினோரு பேர் அடங்க மாட்டேன் என்கிறார்கள்.

மார்ச் 5

நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது, யாரும் சீண்டாமல், திடீரென்று விலகுகிறார்கள். எதிராளி பதிலுக்கு விலகுகிறார். உடனே சமாதானம். நாலு சுற்று கழித்து மறுபடி அதே வேலை. இதில் என்ன லாபம்? தூக்கக் கலக்கமா? இல்லை, என் உயிரை வாங்குவதற்கென்றே வந்தவர்களா?

மார்ச் 10

பேராசிரியர் கூப்பிட்டார். "அந்தப் பதினோரு பேரும் குப்பைம்மா. எடுத்துப் போட்டுட்டு எழுது. பதினஞ்சாம் தேதி கட்டுரை போகலைன்னா உன் வேலைய நீட்டிக்க நான் யார்கிட்டப் போய் முட்டிக்கறது?"

வேலை இந்த மாதத்தோடு முடிகிறது. கட்டுரை போனால் இன்னும் மூன்று வருடம். போகாவிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். ஆனால் குப்பை இவ்வளவு ஒழுங்காக இருக்குமா?

மார்ச் 11

நிரலைத் திட்டினேன். விசைப்பலகையைத் திட்டினேன். வேறு எதுவும் நடக்கவில்லை.

மார்ச் 12

காலைக் காபியோடு அந்தப் பதினோரு பேரின் ஆட்டத் தாள்களைப் பரப்பி வைத்திருந்தேன். தங்கச்சி எட்டிப் பார்த்து என்னவென்று கேட்டாள், சொன்னேன். தொலைபேசியில் புகார் கேட்பது அவள் வேலை.

"எங்கிட்டப் பேசறவங்களும் இப்படித்தான்க்கா. நான் ஆளா மெஷினான்னு சந்தேகம் வந்துட்டா நடுவுல சம்பந்தமே இல்லாம எதையாவது கேப்பாங்க. இவங்களும் வேணும்னே சீண்டிப் பாக்கறாங்க போல."

"என் ஆய்வகத்துல ஆடறதெல்லாம் மனுஷங்கதான்டி, போய் வேலையப் பாரு" என்று எரிந்து விழுந்தேன். அவள் முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அப்புறம்தான் உறைத்தது. நூற்று முப்பத்தொன்பது. ஜோடி ஜோடியாக ஆடும் ஆட்டத்தில் ஒற்றைப்படை எப்படி வரும்?

மார்ச் 13

ஐயோ, நான்தான்.

சோதித்துப் பார்க்கும்போது எதிரே ஆள் இல்லாததால், காலி இருக்கைக்குப் பதில் கணினியே ஆடும்படி நாலு வரி எழுதியிருந்தேன். நாம் செய்வதை அப்படியே திருப்பிச் செய்யும், அவ்வளவுதான். அதை எடுக்க மறந்துவிட்டேன். ஒற்றைப்படையில் ஆள் வந்தால் நிரல் நின்றுவிடும், கடைசியாக வந்தவரை அனுப்பிவிடுங்கள் என்று ஆய்வக உதவியாளரிடம் சொல்லியிருந்தேன். நிரல் நிற்கவில்லை. அவரும் எல்லோரையும் உட்கார வைத்திருக்கிறார். பதினோரு அமர்வுகளில் ஒற்றைப்படை, அமர்வுக்கு ஒருவர் கணினியோடு ஆடியிருக்கிறார். அவர் மேல் என்ன தப்பு? எத்தனை பேர் என்றுகூட ஒழுங்காகப் பார்க்காமல் மனத்தைப் படிக்கக் கிளம்பினேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

மார்ச் 14

பேராசிரியரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, அதான் நீக்கப் போறோமே. ஏன் நீக்கினோம்னு எழுத வேண்டாம். யாருக்குத் தெரியப் போகுது?"

'உங்கள் எதிரே ஆடுபவர் ஒரு மனிதர்' — திரையில் முதல் வரி. நான் எழுதியது. அந்தப் பதினோரு பேருக்கு அது பொய். அறையில் பொய் நடக்கிறது என்று மற்றவர்களில் எத்தனை பேருக்குச் சந்தேகம் வந்து ஆட்டமே மாறியதோ, இனி யாரால் சொல்ல முடியும்? பயமாக இருக்கிறது. கோபமாகவும் இருக்கிறது, எல்லாம் என் மேல்தான்.

மார்ச் 15

கட்டுரை போகவில்லை. நடந்ததை அப்படியே எழுதித் துறையில் கொடுத்துவிட்டேன். பேராசிரியர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மார்ச் 20

பதினோரு பேருக்கும் மன்னிப்புக் கடிதம். எட்டுத் தடவை கிழித்து எழுதினேன்.

ஏப்ரல் 9

வீட்டில் இருக்கிறேன். வேலை தேடுகிறேன். தங்கச்சி டிபன் கட்டிக்கொண்டு கிளம்பும்போது என்னையும் சாப்பிடச் சொல்லிவிட்டுப் போகிறாள்.

பதினோரு பேரில் ஒருவர் மட்டும் பதில் போட்டிருக்கிறார். பேருந்து ஓட்டுகிறாராம்.

"அது ஆள் இல்லைன்னு பத்தாவது சுற்றுலயே தெரிஞ்சுபோச்சு மேடம். நான் விலகினா சரியா ஒரு தடவை விலகும், அப்புறம் எதுவுமே நடக்காத மாதிரி சேர்ந்துக்கும். மனுஷன்னா ஒண்ணு பொறுத்துப்பான், இல்ல ரெண்டா திருப்பிக் குடுப்பான். இருந்தாலும் மனசு கேக்கல. யாராவது இருக்காங்களான்னு கடைசி வரைக்கும் தட்டித் தட்டிப் பாத்தேன். நிஜமாவே எதிர்ல ஆள உக்கார வச்சா சொல்லி அனுப்புங்க, லீவு போட்டுட்டு வரேன்."

இரண்டு தடவை பதில் எழுதி அழித்தேன். வாருங்கள் என்று சொல்ல என்னிடம் இப்போது ஆய்வகம் இல்லை என்பதை அவருக்கு எப்படி எழுதுவது?