பப்பாளி மரத்தடியில் புதைத்த தாலி

அக்கா,

இன்று காலை மருமகள் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஏதோ ஓர் ஊரில் ஒரு வீட்டின் பின்பக்கம். இரண்டு பேர் மம்பட்டியால் தோண்டுகிறார்கள், பொலிஸ்காரர்கள் நிற்கிறார்கள், மதிலுக்கு மேலே எட்டிப் பார்க்கும் ஊராரின் தலைகள். அந்த வீட்டுக்காரனைக் காணவில்லையாம். பெண்சாதிதான் கொன்று புதைத்திருப்பாள் என்று பேச்சாம். படத்துக்குக் கீழே ஆளாளுக்கு எழுதித் தள்ளியிருந்தார்கள். "இவ மூஞ்சியப் பாத்தாலே தெரியுது." "ஒரு சொட்டுக் கண்ணீர் வரல, கவனிச்சீங்களா?" "பக்கத்து வீட்டுக்காரங்க சும்மா சொல்ல மாட்டாங்க."

மருமகள் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு மம்பட்டி மண்ணில் இறங்கும் சத்தம் மட்டுமே கேட்டது. மழையில் நனைந்த மண்ணில் அது இறங்கும்போது வரும் அந்தச் சொதக்கென்ற சத்தம்.

அந்தச் சத்தத்தை நாம் இரண்டு பேரும் ஒன்றாக நின்று கேட்டிருக்கிறோம்.

நீ கண்ணை மூடிய பிறகு உனக்கு ஒன்றும் எழுதியதில்லை. பள்ளிக்கூடத்தை நான் வெளியிலிருந்து கூட்டியதுதான் அதிகம். எழுத்தைக் கடைப் பலகைகளிலும் பஸ் முகப்பிலும் பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டவள் நான். பிழை இருந்தால் இருக்கட்டும். திருத்த வருகிறவர்கள் முதலில் அன்றைக்குப் பேசியதைத் திருத்திவிட்டு வரட்டும்.

மஹய்யாவையில், தெருக் கூட்டும் நமக்கு மாநகரசபை கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளில் சுவர் என்பது பெயருக்குத்தான். ஒரு வீட்டில் இருமினால் மூன்றாம் வீட்டில் கசாயம் வைப்பார்கள். அதனால் கலவரத்துக்கு முந்தின வாரம் உன் புருசன் குடித்துவிட்டு வந்து உன்னை அடித்ததும், நீ விறகு வெட்டுகிற கத்தியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்ததும் எல்லாருக்கும் தெரியும். "இன்னொரு தடவ கை வச்சேன்னா வெட்டிப் பொதச்சிருவேன்!" என்று நீ கத்தினாய். நான் என் வாசலில் நின்று கை தட்டினேன். அடி வாங்கியே பழகிய வரிசையில் ஒருத்தி கத்தியைத் தூக்கியது எனக்குச் சந்தோசமாக இருந்தது. அந்தக் கத்தல் பிறகு உன் கழுத்துக்கு வரும் என்று யார் கண்டது?

அடுத்த வாரம் அவர் தெல்தெனியவில், நாம் நானா என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் பெரியவரின் கடையில் மூட்டை தூக்கப் போனார். அந்த வாரமே அந்த ஆடிக் கலவரம் வந்தது. தமிழர் கடைகளைச் சிங்களக் கூட்டங்கள் எரித்தன, ஊரடங்குச் சட்டம் போட்டார்கள், பஸ் நின்றது. அவர் வரவில்லை.

கலவரம் அடங்கியதும் எரிந்த தெருக்களைக் கூட்ட நம்மைத்தானே கூப்பிட்டார்கள். நம் ஆட்களின் கடைச் சாம்பலை நாமே அள்ளினோம். தமிழ் என்று தெரியக்கூடாதென்று எல்லாப் பெண்களும் நெற்றிப் பொட்டை அழித்துவிட்டோம். தாலியைச் சட்டைக்குள்ளே தள்ளிவிட்டு வேலைக்குப் போனோம். முதல் நாள் ரோட்டோரம் நின்ற ஒருத்தன் உன் பிடரியில் தெரிந்த மஞ்சள் கயிற்றையே பார்த்துக்கொண்டு நம் பின்னாலேயே கொஞ்ச தூரம் வந்தான். அவ்வளவுதான். ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அன்று அந்தியில் நீ தாலியைக் கழற்றி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுப் பின்னால் பப்பாளி மரத்தடியில் புதைத்தாய்.

அதை உன் நாத்தனார் வேலி இடுக்கால் பார்த்துவிட்டாள்.

இதில் எனக்கு இன்றைக்கும் ஆறாத ஒன்று இருக்கிறது. அந்த வாரம் நம் வரிசையில் புதைக்காதவர்கள் யார்? ஒருத்தி தோட்டை வாழையடியில் புதைத்தாள். ஒருத்தி குத்துவிளக்கைக் கக்கூசுக்குப் பின்னால் புதைத்தாள். என் வளையல்கள் கோழிக்கூட்டுக்குக் கீழே கிடந்தன. எல்லார் வீட்டுப் பின்னாலும் மண் புதிதாகத்தான் இருந்தது. ஆனால் யாரும் யாரிடமும் சொல்வதில்லை. அந்த வாய்ப்பூட்டுதான் உனக்கு வினையானது.

தண்ணீர் பிடிக்கிற பைப்படியில் பேச்சுத் தொடங்கியது. முதலில் மெதுவாக.

"மனுசனக் காணோம். இவ கழுத்துல தாலியக் காணோம்."

"செத்தது தெரியாமலா கழட்டுவா?"

"அன்னைக்கே சொன்னாளே, வெட்டிப் பொதச்சிருவேன்னு. சொன்ன சொல்லக் காப்பாத்திட்டா."

"பப்பாளி மரம் இந்த வருசம் நல்லாக் காய்க்கும் பாரு!"

கடைசி வார்த்தைக்கு எல்லாரும் சிரித்தார்கள். நான் குடத்தைத் தரையில் வைத்துவிட்டுச் சண்டை பிடித்தேன். "பாத்தியா, கூட்டாளிக்கு வலிக்குது" என்றார்கள். மேல் தெருவில் இருந்த யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஐயாவிடம் போய், நீங்களாவது சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எனக்கெண்டா அந்த மனுசி செய்திருப்பா எண்டுதான் படுகுது பிள்ளை. அவவின்ர கண்ணைப் பாத்தனீரோ? அழுத கண்ணோ அது?" என்றார். படித்தவர் சொன்னதால் அது உறுதியாகிவிட்டது.

நீ அழவில்லை என்பது உண்மை. அடித்தவருக்காக அழுவதா, வராதவருக்காக அழுவதா என்று உனக்கே பிடிபடவில்லை என்று பிறகு சொன்னாய்.

ஒரு நாள் சாம்பல் அள்ளும்போது நான் உன்னைக் கேட்டேன்: "டின்ன எடுத்துக் காட்டிரேன்க்கா, வாயடைக்கும்ல?" நீ விளக்குமாற்றை நிறுத்தாமலே சொன்னாய்: "என் கழுத்தப் பாத்து என்னக் கொலகாரிங்கிறவளுக்கு நான் என்னத்தக் காட்டணும்?" உன் பிடிவாதத்தைப் பார்த்துத்தான் நான் என்னுடையதை வளர்த்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் அப்போது புரிந்துகொண்டேன். அந்த நாட்களில் ஒரு தமிழ் ஆம்பிளையைக் காணோம் என்றால் பொலிஸ் முதலில் கேட்கிற கேள்வி வேறு. வடக்கே போய்விட்டானா, இயக்கத்தில் சேர்ந்துவிட்டானா? அப்படி ஒரு சந்தேகம் விழுந்தால் வரிசை முழுவதையும் சோதனை போடுவார்கள், வீட்டுக்கு ஒரு ஆம்பிளையை ஏற்றிக்கொண்டு போவார்கள். நீ கொன்றுவிட்டாய் என்றால் உன்னோடு போய்விடும். ஆகவே நீ கொலைகாரியாக இருப்பது எல்லாருக்கும் வசதியாக இருந்தது. கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். பயந்தவர்கள். ஆனால் தங்கள் பயத்தை உன் தலையில் இறக்கி வைத்தார்கள். அதை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை, வரவும் வராது.

நாத்தனார் பொலிசுக்குப் போனாள். ஒரு சார்ஜன்ட் இரண்டு ஆட்களோடு மம்பட்டி கொண்டு வந்தார். வரிசையே உன் வீட்டுப் பின்னால் கூடியது. உன் இரண்டு பிள்ளைகளும் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பெரியவள் என்னிடம் கேட்டாள்: "சித்தி, அப்பா உள்ளுக்கயா இருக்காரு?" நான் அவள் காதைப் பொத்தினேன். நீ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மரத்தில் சாய்ந்து நின்றாய். உன்னை ஏற்றிக்கொண்டு போய்விட்டால் அந்தப் பிள்ளைகள் நாத்தனார் கைக்குத்தான் போகும். அது மட்டும்தான் அப்போது என் தலையில் ஓடியது.

மழை மண். மம்பட்டி சொதக் சொதக்கென்று இறங்கியது. பிறகு ணங்கென்றது.

"மே மொகத்த?" என்றார் சார்ஜன்ட். இது என்ன என்று சிங்களத்தில் கேட்கிறார்.

"தெறந்து பாருங்க" என்றாய்.

திறந்தார். மஞ்சள் கயிறு சுருண்டு கிடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் நாத்தனார் பாய்ந்தாள். "அண்ணன் கைக்கடிகாரம்! அண்ணன் கழட்டவே மாட்டாரே!" தாலிக்குக் கீழே அந்தக் கடிகாரமும் கிடந்தது. மூட்டை தூக்கும்போது கண்ணாடி உடையும் என்று அவர் அதை ஆணியில் மாட்டிவிட்டுப் போனவர். நீ அதையும் சேர்த்துப் பத்திரம் பண்ணியிருந்தாய். யார் நம்புவார்கள்? சுற்றிலும் இன்னும் ஆழமாகத் தோண்டினார்கள். பப்பாளியின் வேர் தெரிந்தது, வேறொன்றும் இல்லை. சார்ஜன்ட் டின்னை எடுத்துக்கொண்டு, காலையில் ஸ்டேஷனுக்கு வா என்று சொல்லிப் போனார். வேறு இடத்தில் புதைத்திருப்பாள் என்று பேசிக்கொண்டே கூட்டம் கலைந்தது.

காலையில் உன்னோடும் பிள்ளைகளோடும் நானும் கிளம்பினேன். பிள்ளைகளுக்கு மாற்று உடுப்பைப் பையில் வைத்துக்கொண்டாய். உன்னை உள்ளே வைத்துவிட்டால் அவர்களை நாத்தனாரிடம் விடாமல் கூடவே வைத்துக்கொள்ளத்தான். தெரு முனைக்கு வந்தோம். ஒரு லொறி வந்து நின்றது. முன்பக்கமிருந்து தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் இறங்கினார். பின்பக்கக் கதவைத் திறந்து இரண்டு பேர் ஒரு கதிரையை இறக்கினார்கள். கதிரையில் உட்கார்ந்தபடி, காலில் கட்டுப் போட்டு, தாடி வளர்ந்து, உன் புருசன்.

"தங்கச்சி, கோவிக்க வாணாம்" என்றார் அந்தத் தொப்பிக்காரர், கடை முதலாளி நானா. "கூட்டம் வந்த நேரம் கூரையால பாஞ்சி கால ஒடச்சிக்கிட்டாரு. எங்கட ஊட்டுப் பின் ரூம்லதான் வச்சிருந்த. ஒரு ஆள அனுப்பி சொல்லவும் பயம். ஊட்ட பத்த வச்சிருவானுவ. காய்ச்சல் உட்டதும் முதல் லொறில கொண்டாந்துட்டேன்."

உன் புருசன் நானாவையும் பார்க்கவில்லை, பிள்ளைகளையும் பார்க்கவில்லை. உன் கழுத்தைப் பார்த்தார்.

"என்னாடி, நான் செத்துட்டேனா?"

"ஊரு அப்பிடித்தான் சொல்லுது" என்றாய். "நான் இன்னும் முடிவு பண்ணல."

நானா வாய்விட்டுச் சிரித்தார். நான் நடுத்தெருவில் உட்கார்ந்து சிரித்தேன், அழுதேன், எது முன்னால் எது பின்னால் என்று தெரியாது. நெஞ்சுக்குள்ளே கட்டியிருந்தது எல்லாம் கரைந்து போனது. அதைப் போல ஒரு காலையை நான் பிறகு பார்த்ததில்லை.

அதே கதிரையோடு ஸ்டேஷனுக்குப் போனோம். "இதுதானே செத்த மனிசன்?" என்று சார்ஜன்ட் அரைகுறைத் தமிழில் கேட்டுச் சிரித்தார். மேசைக்கு மேலே டின்னைத் திறந்து வைத்தார். உன் புருசனுக்கு எழுந்து நிற்க முடியவில்லை. நீதான் குனிந்தாய். ஸ்டேஷனில் வைத்து அவர் இரண்டாம் தரம் தாலி கட்டினார். மேளம் இல்லை, நானாதான் கை தட்டினார். பொலிஸ்காரர் ஒருவர் தேத்தண்ணி கொண்டு வந்தார்.

அவர் அதோடு திருந்திவிட்டார் என்று எழுத மாட்டேன். குடி இருந்தது. கால் சரியாகக் கூடாமல் கம்பு ஊன்றித்தான் நடந்தார். கை ஓங்குவது நின்றது. "கம்ப ஊனுறதுக்கு ஒரு கை வேணுமே, அதான்" என்று நீயே சொல்வாய்.

பைப்படியில் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நாத்தனார், "நான் அப்பவே சொன்னேன், அண்ணன் உசிரோடதான் இருக்குன்னு" என்றாள். கிளாக்கர் ஐயா உன்னைக் கண்டால் குடையைச் சரித்துக்கொண்டு போவார். நீ பொறுத்திருந்தாய். அந்த மரத்தில் முதல் பழம் பழுத்ததும் கீற்றுக் கீற்றாக வெட்டித் தட்டில் அடுக்கிப் பைப்படிக்குக் கொண்டு வந்தாய்.

"சாப்புடுங்க. நல்ல ஒரம் போட்ட மரம்."

ஒருத்தி கை நீட்ட வேண்டுமே! நான் இரண்டு கீற்று தின்றேன். அவ்வளவு இனிப்பு.

அவருக்குப் பிறகும் நீ வெகுகாலம் இருந்தாய். போன வருடம் நீ செத்துப் போனபோது தெரு நெடுக வெள்ளைக் கொடி கட்டினார்கள். அன்று பேசியவர்களில் அனேகமாக எல்லாரும் உனக்கு முன்பே போய்விட்டார்கள். வந்த இளசுகளுக்கு உன்னைப் பற்றித் தெரிந்ததெல்லாம், பப்பாளிப் பழம் கொடுக்கிற ஆத்தா என்பதுதான்.

இன்று மருமகள் அந்தப் படத்தை நாலு பேருக்கு அனுப்பப் போனாள். அனுப்பாதே என்றேன்.

"அப்ப அவ செய்யலன்னு உங்களுக்குத் தெரியுமா அத்தை?"

"தெரியாது. ஒனக்குத் தெரியுமா?"

போனைக் கதிரையில் போட்டுவிட்டு முறைத்துக்கொண்டு துணி காயப்போடப் போனாள். நான் அதை எடுத்தேன். தேடுகிற இடம் எது என்று அவள் விரலைப் பார்த்துத் தெரிந்து வைத்திருக்கிறேன். உன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினேன். எங்கோ ஒரு சேலைக் கடை வந்தது. வேறு நாட்டில் ஒரு டாக்டரம்மா வந்தாள். நீ வரவில்லை. கீழே போய்ப் போய்ப் பார்த்தேன். கத்தி இல்லை, டின் இல்லை, உன் கண்ணைப் பற்றி யாரும் எழுதவில்லை. அன்று உன்னைப் பேசியவை வாய்கள் மட்டுமே. வாய்கள் மண்ணோடு போய்விட்டன. லொறி வந்து நின்றபோது விட்ட மூச்சை இன்று இன்னொரு தரம் விட்டேன்.

அந்தப் படத்திலிருக்கிற பெண்ணுக்கு இந்த மறதி கிடைக்காது. அவள் செய்தாலும் செய்யாவிட்டாலும், அவள் முகம் அங்கேயே கிடக்கும்.

அதனால்தான் அக்கா, இந்த மடலிலும் உன் பெயர் இல்லை. அது என் வாயில் இருக்கிறது, என்னோடு வரும். மருமகள் திரும்பி வருவதற்குள், தட்டிய எழுத்துகளைக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக அழித்துவிட்டேன்.