சிவப்பு அம்பு ஒட்டிய சாக்ஸ்

ஜனவரி 9

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள், தம்பி, அவன் பெண்டாட்டி, குழந்தை எல்லோரும் சுகம்தானே? இங்கே உங்கள் மாப்பிள்ளையும் சௌக்கியம். நீங்கள் விசாரிக்க மாட்டீர்கள் என்று தெரியும், ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

இத்துடன் ஒரு ஜோடி சாக்ஸ் அனுப்பியிருக்கிறேன். நீலத்தில் வெள்ளை இலைகள். வேலை முடிந்து வந்து, சமையலும் ஆனபிறகு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பின்னியது. பகல் முழுக்க லேபில் முன்பின் தெரியாதவர் வாய்க்குப் பல்செட் செய்கிறேன், சாயங்காலம் உங்கள் காலுக்கு சாக்ஸ். பல்செட்டில் இதுவரை ஒருவரும் புகார் சொன்னதில்லை. போன முறை அனுப்பிய மஞ்சள் ஜோடி திரும்பி வந்தது. அதற்கு முந்தையதும் அப்படித்தான். இது திரும்பாது என்று நினைக்கிறேன்.

குளிரில் தரையில் கால் வைக்க முடியவில்லை என்று நீங்கள் சொன்னதாகத் தம்பி போனில் சொன்னான். நீங்களோ போனுக்கு வரவே மாட்டேன் என்கிறீர்கள். ஒரு தடவை போட்டுப் பாருங்கள் அம்மா. ‘நல்லா இருக்கு’ என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும். வேறு எதுவும் கேட்கவில்லை.

உங்கள்
வாலு


ஜனவரி 21

வாலுவுக்கு,

பார்சல் வந்தது. டேப்பை இப்படிச் சுற்றிச் சுற்றி ஒட்டாதே. பிரிப்பதற்குள் என் நகம் போய்விட்டது.

சாக்ஸைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சிவப்பு அம்பு ஸ்டிக்கர் காட்டுகிற இடமெல்லாம் தப்பு. ரெடிமேட் கம்பெனியில் காலம் முழுக்க செக்கிங்கில் உட்கார்ந்தவள் நான். தப்பைக் கண்டால் அம்பு ஒட்டினால்தான் நிம்மதி. நான் ரிட்டயர் ஆனேன், கை ஆகவில்லை.

வெள்ளை நூலை உள்பக்கம் இழுத்துப் பிடித்திருக்கிறாய், அதனால் இலையெல்லாம் சுருங்கிக் கிடக்கிறது. இடது சாக்ஸில் ஓர் இலைக்குக் காம்பே இல்லை. குதிகாலில் பின்னல் கண்ணி எடுத்த இடத்தில் ஓட்டை, என் சுண்டுவிரல் போய்வருகிறது. வலது சாக்ஸ் இடதைவிட நீளம். எனக்கு இரண்டு காலும் ஒரே அளவு, உன் ஞாபகத்துக்காக எழுதுகிறேன்.

பல்செட் பெருமை வேண்டாம். பல் போனவன் கிடைத்ததைப் போட்டுக்கொண்டு போகிறான்.

நான் அம்பு ஒட்டும்போது மருமகள் பக்கத்தில்தான் இருந்தாள். “பாவம் அத்தை, ஒண்ணையாவது போட்டுக்கங்களேன்” என்றாள். பாவம் பார்த்திருந்தால் என் கம்பெனி என்றோ இழுத்து மூடப்பட்டிருக்கும்.

நூலைத் தளர விடு. பிரித்துவிட்டு மறுபடி பின்னி அனுப்பு.

அம்மா


பிப்ரவரி 14

அன்புள்ள அம்மாவுக்கு,

இலை சாக்ஸை முழுக்கப் பிரித்து மறுபடி பின்னி அனுப்புகிறேன். நீங்கள் ஒட்டிய அம்புகளை உரித்து எடுக்கவே ஒரு சாயங்காலம் ஆனது. பக்கத்தில் இருந்த உங்கள் மாப்பிள்ளை, “உங்கம்மா எனக்கு ஒட்டின அம்பே இன்னும் உரியல. நீ வேற ஏன் வலியப் போய் வாங்கிக்கிற?” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் இவரைக் கட்டிக்கொண்டபோது நீங்கள் கல்யாணத்துக்கு வரவில்லை. ‘ரிஜெக்ட்’ என்று ஒரே வார்த்தை தம்பியிடம் சொல்லி அனுப்பினீர்கள். அப்புறம் எத்தனை கடிதம் எழுதினேன்! ஒன்றுக்கும் பதில் இல்லை. நீங்கள் பொழுதுபோக்காக சாக்ஸ் பின்னுகிறீர்கள் என்று தம்பி சொன்ன அன்றுதான் நானும் ஊசியும் கம்பளி நூலும் வாங்கினேன். முதல் ஜோடியை அனுப்பிய பிறகுதான் உங்கள் கையெழுத்து இந்த வீட்டுக்குள் வந்தது. இரண்டு பக்கம், அத்தனையும் தப்புகள். படித்துவிட்டு அழுதேன், ஆனால் சந்தோஷமாகத்தான் அழுதேன்.

இப்போது அந்தச் சந்தோஷம் தேய்ந்துகொண்டே வருகிறது. பள்ளிக்கூடம் கிளம்பும்போது வாசலில் நிறுத்தி நகம், ரிப்பன், பித்தான் எல்லாம் பார்ப்பீர்கள். ஒருநாளாவது ‘சரி, போ’ என்று விட்டதில்லை. பித்தான் சரியாக இருந்தால் முகம் சரியில்லை என்பீர்கள். எனக்குக் காதோரம் நரைத்துவிட்டது அம்மா. இன்னும் அந்த வாசலிலேயே நிற்கிறேன்.

உங்கள்
வாலு


மார்ச் 2

வாலுவுக்கு,

இலைகள் இந்தத் தடவை பரவாயில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வலது குதிகாலைத் திருப்பிப் பார்த்தேன், பேனாவை மூடிவிட்டேன். அம்பு எங்கே என்று பார்த்துக்கொள். நரை வந்தால் குதிகால் தன்னால் சரியாகிவிடாது.

பழசையெல்லாம் கிளறாதே. நகம் பார்த்தேன், பித்தான் பார்த்தேன், ஆமாம். பார்க்காத அம்மாக்களின் பிள்ளைகளை அந்தத் தெருவிலேயே நீ பார்த்திருக்கிறாய்.

அம்பு ஸ்டிக்கர் தீர்ந்துபோனது. தம்பியைக் கடை கடையாக ஏறி இறங்கவிட்டு ஒரு புதுச் சுருள் வாங்கிவரச் செய்தேன். “இதுக்குன்னு நான் லீவு போடணுமாம்மா?” என்று முணுமுணுத்தான். பெரிய சுருள், வெகுகாலம் வரும். தபால்காரர் வரும் நேரத்துக்கு நான் கேட் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று மருமகள் அக்கம்பக்கமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். நான் வெயிலுக்காக உட்கார்கிறேன்.

குதிகாலில் கண்ணி எடுக்கும்போது இரண்டு கண்ணிக்கு நடுவில் இருக்கிற நூலையும் சேர்த்து முறுக்கி எடு, ஓட்டை விழாது. இதை நான் மருமகளுக்குக்கூடச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அடுத்ததைச் சீக்கிரம் அனுப்பு. அவசரப்படாமல் சீக்கிரம்.

அம்மா


மார்ச் 30

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அதிகம் எழுத நேரமில்லை.

சாம்பல் நிறத்தில் சிவப்புக் கட்டம் போட்ட ஜோடி இத்துடன் வருகிறது. தம்பி பெண்டாட்டிக்கு நீங்கள் முன்பு பின்னிக் கொடுத்தீர்களே, அதே டிசைன், அதே நிறம். அந்த நூல் இன்னும் கடையில் கிடைக்கிறது. இதில் ஓர் அம்புகூட ஒட்ட முடியாது என்று எனக்கு முழு நம்பிக்கை இருக்கிறது. இதுவும் தேறாவிட்டால் ஊசியைத் தூக்கிப் போட்டுவிடுகிறேன்.

நிதானமாக, வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.

உங்கள்
வாலு


ஏப்ரல் 11

வாலுவுக்கு,

வெளிச்சத்தில் வைத்தே பார்த்தேன். ஒன்பது அம்பு.

என் டிசைனை எடுத்து இப்படிக் கெடுத்து வைக்க உனக்கு எப்படி மனசு வந்தது? கட்டங்கள் கணுக்காலுக்குக் கீழே கோணிக்கொண்டு போகின்றன. குதிகால் தொளதொள. விரல் பக்கம் கண்ணியைக் குறைத்தது ஒரு பக்கம் ஒருமாதிரி, மறுபக்கம் வேறுமாதிரி. அசலோடு வைத்துக் காட்டலாம் என்று மருமகளிடம் அவள் ஜோடியைக் கேட்டேன். பெட்டியில் எங்கேயோ அடியில் கிடக்கிறதாம். கிடக்கட்டும், என் கை எனக்குத் தெரியாதா? அசல் எங்கே, இது எங்கே!

எதைச் செய்தாலும் உனக்கு அவசரம். சாக்ஸிலும் அவசரம், கல்யாணத்திலும் அவசரம். இரண்டிலும் கோணலை முதலில் பார்த்துச் சொன்னது நான்தான்.

பொறுமை இல்லாதவள் கையில் நல்ல நூல் அகப்பட்டால் இப்படித்தான் வீணாகும். ஊசியைத் தூக்கிப் போடுவதாக எழுதியிருக்கிறாய். அதையாவது ஒழுங்காகச் செய்வாயா என்று பார்க்கிறேன்.

அம்மா


ஏப்ரல் 19

அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள்.

அந்தச் சாம்பல் சாக்ஸை நான் பின்னவில்லை. நீங்கள் பின்னினீர்கள். தம்பி பெண்டாட்டி மாசமாக இருந்தபோது கால் வீங்கியதென்று உங்கள் கையால் பின்னிக் கொடுத்த அதே ஜோடிதான். அவளிடம் போனில் கேட்டேன், மறுநாளே அனுப்பிவிட்டாள். துவைத்து, காயவைத்து, என் விலாசம் எழுதி உங்களுக்கே அனுப்பினேன். நீங்கள் அம்பு ஒட்டியபோது அவள் எதிரில்தான் இருந்திருக்கிறாள். ஐந்தாவது அம்பில் சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்கு ஓடிவிட்டாளாம். தம்பி சாப்பிடும்போது கேட்டுவிட்டுப் புரையேறும் அளவுக்குச் சிரித்தானாம். நானும் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

நீங்கள் ஒரு நாளும் சாக்ஸைப் பார்க்கவில்லை அம்மா. பார்சல் மேல் என் பெயரைப் பார்த்தீர்கள். இவரையும் அப்படித்தான் பார்த்திருப்பீர்கள், நான் கூட்டிவந்தவர் என்பதற்காக.

அந்த ஜோடியை அம்புகளோடு அப்படியே முன்னறையில் மாட்டி வைத்திருக்கிறேன். வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறேன். லேபில்கூட எல்லோருக்கும் தெரியும். இனி என்னிடம் பொறுமையைப் பற்றி எழுத வேண்டாம். நான் அனுப்பியதெல்லாம் பாஸ் என்று உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

உங்கள் மகள்


மே 6

மகளுக்கு,

உட்கார்ந்துதான் படித்தேன்.

அம்பு ஒட்டிய ஒன்பது இடத்திலும் தப்பு இருக்கிறது. நான் பின்னியது என்பதால் கோணல் நேராகிவிடாது. செக்கிங்கில் யார் தைத்தது என்று கேட்கிற வழக்கம் இல்லை. ஆனால் என் கையை எனக்கே அடையாளம் தெரியவில்லை. அதற்காக நீங்கள் சிரித்தது நியாயம்தான்.

இங்கே சிரிப்பு இன்னும் முடியவில்லை. சோறு போடும்போது மருமகள், “அத்தை, உப்பு சரியா இருக்கா, இல்ல அம்பு ஒட்டப் போறீங்களா?” என்கிறாள். தம்பி தலை குனிந்துகொள்கிறான், தோள் குலுங்குகிறது. நேற்று நான் கொஞ்சம் கண் அசந்தபோது குழந்தை என் நெற்றியில் ஓர் அம்பை ஒட்டிவிட்டது. தெரியாமல் அதோடேயே கேட் வரை போய் நின்றேன். தபால்காரர்தான் சொன்னார். யார் சொல்லிக்கொடுத்தது என்று குழந்தையைக் கேட்கவில்லை.

நீ கேட்டதை எழுதுகிறேன். மஞ்சள் பாஸ். இலை பாஸ். எல்லாம் பாஸ். உன் வீட்டுக்காரரும் பாஸ்.

கம்பெனியில் தப்பைத் திருத்தத் திருப்பி அனுப்புகிற ஆல்ட்ரேஷன் பீஸைத்தான் திரும்பத் திரும்பக் கையில் எடுப்போம், புரட்டிப் பார்ப்போம், பேசுவோம். பாஸ் ஆனதை மடித்து அட்டைப்பெட்டியில் போட்டு மூடிவிடுவோம். அப்புறம் அதை யாரும் தொடுவதில்லை.

மிச்ச ஸ்டிக்கரைக் குழந்தைக்கு விளையாடக் கொடுத்துவிட்டேன்.

அம்மா


மே 15

அன்புள்ள அம்மாவுக்கு,

தப்பு செய்துவிட்டேன். அந்த ஜோடியைக் கழற்றி அம்புகளை உரித்துவிட்டேன். தம்பியிடம் போனில் சண்டை போட்டேன், “ஆரம்பிச்சது நீதானே?” என்கிறான். ஆமாம், நான்தான். நீங்கள் ஒருதடவை தோற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஊரே சேர்ந்து உங்களைப் பார்த்துச் சிரிக்கும் என்று நினைக்கவில்லை. இல்லை, நினைத்தேன். நினைத்துத்தான் செய்தேன்.

‘உன் வீட்டுக்காரரும் பாஸ்’ என்ற வரியை இவரிடம் காட்டினேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், “இது நல்லதுக்கு எழுதின மாதிரி தெரியலையே” என்றார்.

புது ஜோடி தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பச்சையில் மஞ்சள் பறவைகள். வேண்டுமென்றே தப்பு வைத்துப் பின்னியிருக்கிறேன். ஒரு பறவைக்குத் தலையே இல்லை, ஒரு சாக்ஸ் முழங்கால் வரை வரும், மற்றது கணுக்காலோடு நின்றுவிடும். நான் சொல்லாமல் விட்டவையும் உண்டு, கண்டுபிடியுங்கள். ஸ்டிக்கர் ஒரு சுருள் வாங்கி உள்ளேயே வைத்திருக்கிறேன். திட்டுங்கள் அம்மா. இரண்டு பக்கம் வேண்டாம், அரைப் பக்கம் போதும். கல்யாணத்தைச் சேர்த்துத் திட்டினாலும் சரி.

நான் ஒருமுறை வந்து போகட்டுமா?

உங்கள்
வாலு


மே 29

அன்புள்ள மகளுக்கு,

இங்கே அனைவரும் சுகம். நீங்கள் இருவரும் அப்படியே இருப்பீர்கள் என நம்புகிறேன்.

பார்சல் வந்து சேர்ந்தது. சாக்ஸ் மிகவும் நன்றாக இருக்கிறது. நிறமும் டிசைனும் நல்ல பொருத்தம். இரண்டும் ஒரே அளவு. பறவைகள் அழகாக வந்திருக்கின்றன. ஒரு தப்பும் இல்லை. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்லவும்.

வந்து போவதாக எழுதியிருந்தாய். உங்கள் சௌகரியம்போல வரலாம், அவசரம் ஒன்றும் இல்லை.

பார்சலை நான் பிரிக்கவில்லை. அலமாரி மேல் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா