பின்னாலை பாரடி

நேற்று என் வலது காதில் கேட்கும் கருவி ஒன்றைப் பொருத்தினார்கள். தோல் நிறம், அவரைக் கொட்டை அளவு. பொருத்திய பெண், கொஞ்சம் குளிரும் என்று முன்கூட்டியே சொன்னாள். குளிர்ந்தது. ஆனால் அந்தக் குளிர் காதோடு நிற்கவில்லை, முதுகு வரைக்கும் இறங்கியது. கதிரையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தேன். நோகுதா என்று கேட்டாள். நோகவில்லை, பயந்துபோனேன். இதே நிறத்தில் இதே அளவில் ஒன்றை உன் காதுக்குள் என் விரலால் எத்தனை காலைகளில் தள்ளி வைத்திருப்பேன்.

உன் பெயரை இதில் எங்கும் எழுதமாட்டேன். எழுதினால் உன் முகத்தைத் தேடி எடுத்துவிடுவார்கள். பஸ்ஸின் பக்கவாட்டில் விளம்பரமாக ஒரு காலத்தில் என்னைவிடப் பெரிதாக ஒட்டியிருந்த முகம் அது. "ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது, அக்கா" என்று என்னிடம் வாக்கு வாங்கினாய். பெயரில்லாமல், அதுவும் தமிழில் எழுதினால் வாக்கு மீறியதாகாது என்பது என் முடிவு. ஒத்துக்கொள்ளாவிட்டால் வந்து சண்டை பிடி.

வருகிற வியாழக்கிழமை எனக்கு ஞாபகச் சோதனை. டொக்டர் சில சொற்களைச் சொல்வார், கொஞ்சம் பொறுத்து நான் திருப்பிச் சொல்லவேண்டும். தாளில் மணிக்கூடு கீறவேண்டும். இன்றைக்கு என்ன திகதி, என்ன மாதம் என்று கேட்பார்கள். பக்கத்து நகரமான விட்பியில் இருக்கும் மகள் வதனிதான் ஏற்பாடு செய்தாள்.

"அம்மா, இந்தக் கதையை இப்ப மூண்டாம் தரம் சொல்லுறீங்கள்."

"நல்ல கதை எண்டால் நாலு தரமும் சொல்லலாம்."

"கேத்திலை அடுப்பிலை வைச்சுப்போட்டு பிளாசாவுக்குப் போனதும் நல்ல கதையோ?"

சோதனை சரிவராவிட்டால் ஸ்காபரோவில் நான் தனியே இருக்கும் இந்த அப்பார்ட்மென்டை விட்டு அவள் வீட்டுக்குப் போகவேண்டி வரும். அது பயமில்லை, எரிச்சல். பயம் வேறு. இந்த மறதி வருத்தம் ஒரு ஆளை எப்படித் தின்னும் என்று நான் மிகக் கிட்ட நின்று பார்த்தவள். உன்னில் பார்த்தேன்.

நம்முடைய தொடக்கம் உனக்கு நினைவிருக்கிறதா என்று கேட்க வாய் வருகிறது. கேட்கக்கூடாத கேள்வி அது. நானே சொல்கிறேன்.

படப்பிடிப்புகளில் நடிகர்கள் இருந்து உடுப்பு மாற்றும் ட்ரெய்லர் வண்டிகளைத் துப்புரவாக்குவது என் வேலை. எனக்கு யாரும் ஆங்கிலம் படிப்பிக்கவில்லை. குப்பையில் போட்ட வசனத் தாள்களை எடுத்து, எழுத்துக் கூட்டி, தொலைக்காட்சியைப் பார்த்து உச்சரித்துப் படித்தேன். ஒருநாள் உன் ட்ரெய்லரில் அப்படி ஒரு தாளோடு நின்றபோது நீ உள்ளே வந்துவிட்டாய். வேலை போனது என்று நினைத்தேன். நீ கதிரையை இழுத்துப் போட்டு, "நல்லதாய்ப் போச்சு. அவன் சொல்லுறதை நீங்கள் வாசியுங்கோ, நான் பதில் சொல்லுறன்" என்றாய். நீ கதைத்தது ஆங்கிலம், என் நினைவில் அது தமிழாகிவிட்டது.

அவன் என்றால் அந்தப் படத்தின் கொலைகாரன். 'கதவைத் திற, நீ உள்ளேதான் இருக்கிறாய்' என்பது அவனுடைய முதல் வரி. எனக்கு நடிக்கத் தெரியாது. எழுத்தில் இருந்ததை ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தேன். நீ முதலில் சிரித்தாய். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "அக்கா, உண்மையான ஆள்கூட என்னை இப்படிப் பயப்படுத்தேல்லை. எங்கை பழகினீங்கள்?" என்று கேட்டாய். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு வாசலில் துவக்கோடு வந்து நின்றவர்கள் கத்தவில்லை, மெதுவாகத்தான் கதவைத் திறக்கச் சொன்னார்கள் என்றேன். நீ தலையாட்டினாய். நீ பிறந்த எக்குவடோரில் உன் தகப்பனைக் கூட்டிப்போனவர்களும் மெதுவாகத்தான் கதைத்தார்களாம்.

அன்றிலிருந்து ஒத்திகைகளில், உன்னோடு படத்தில் கதைக்கிற எல்லோரும் நான்தான். கொலைகாரன், பொலிஸ்காரன், உன் புருஷன், உன் புருஷனுடைய மற்றப் பெண்சாதி. உன் வரிகள் உனக்கு, மற்றது முழுக்க எனக்கு.

தாயோடு இந்த ஊருக்கு வந்தபோது நீ பள்ளிக்கூடப் பிள்ளை. சுப்பர்மார்க்கெட் விளம்பரம் ஒன்றில் தக்காளிப்பழத்தைப் பார்த்துச் சிரித்ததுதான் உன் முதல் நடிப்பு. அதற்குப் பிறகு வருஷக்கணக்காக உன்னை வீட்டு வேலைக்காரியாகவும் கடத்தல்காரனின் விதவையாகவும் காட்டினார்கள். "எனக்குப் பேர் வைக்கக்கூட அவைக்கு அலுப்பு. எல்லாப் படத்திலும் மரியாதான்" என்பாய். பிறகு அந்தத் தொலைக்காட்சித் தொடர் வந்தது. கொலையைக் கண்ணால் கண்டுவிட்டு ஓடித்திரியும் பெண்ணாக நீ வந்தாய். ரொறன்ரோவின் தெரு ஒன்றில் அமெரிக்கக் கொடி கட்டி, மஞ்சள் டாக்சி இரண்டை நிறுத்தி, அதை நியூயோர்க் என்றார்கள். அந்தப் பொய்த் தெருவில் நீ ஓடிய ஓட்டத்தை உலகமெல்லாம் பார்த்தது. பரிசு தந்தார்கள். உன் தாய்மொழியான ஸ்பானியப் பத்திரிகைகள் அட்டையில் போட்டன. உன்னைப்போலப் பயப்பட ஒருவராலும் முடியாது என்று எழுதினார்கள்.

என்னிடம் மட்டும் நீ இரகசியத்தைச் சொன்னாய். "முகத்தாலை பயப்பட்டால் அது நடிப்பு. கையாலை பயப்பட்டால்தான் பயம்." கமெரா முன்னால் உன் வலது கை எப்போதும் சட்டையின் தையல் விளிம்பைத் தேடிப் பிடித்துக் கசக்கும்.

வசனத்தை மாற்றினால் மாற்றிய தாள் வேறு நிறத்தில் வரும் என்பது அந்தத் தொழிலின் வழக்கம். முதலில் வெள்ளை, பிறகு நீலம், பிறகு ரோசா, மஞ்சள். தொடரின் பிந்திய காலத்தில் ஒரு காலை, ரோசாத் தாள் வந்தது. நீ அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இண்டைக்கு என்ன நிறம்?" என்று கேட்டாய். தாள் உன் கையில் இருந்தது. ரோசா என்றேன். முகம் கழுவி வந்து திரும்பக் கேட்டாய். தலை வாரும்போது திரும்பவும் கேட்டாய். நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தேன். கமெரா இல்லாத இடத்தில், உன் கை தையல் விளிம்பைக் கசக்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நிறத் தாளோடு யாரும் கதவைத் தட்டினால் நாம் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம்.

என் குரல் உனக்கு மட்டும் கேட்கும்படி காதுக்குள் வைக்கும் அந்தக் கருவியை நீயேதான் வாங்கி வந்தாய். ஒலிப்பதிவு பார்த்த கிழவன் ஒருவனுக்கு மட்டும் விஷயம் தெரியும், அவன் நல்லவன். நான் வாளியும் மொப்பும் வைத்துக்கொண்டு மூலையில் நிற்பேன். என் கழுத்துச் சால்வைக்குள் மைக். வாளியோடு நிற்கிற கிழவியை யார் பார்க்கப்போகிறார்கள்? உன் வரியை நான் முணுமுணுப்பேன், அடுத்த கணம் அது உன் வாயிலிருந்து கண்ணீரும் நடுக்கமுமாக வெளியே வரும். நான் பிந்தினால் நீ அந்தரத்தில் நிற்பாய்.

அந்தக் காட்சியை மறக்கமாட்டேன். மேடைபோல உயர்த்திக் கட்டிய அறை. கொலைகாரன் முன்னால் வர, நீ பின்னால் பின்னால் போகிறாய். அறையின் பின்சுவரைக் கமெராவுக்காகக் கழற்றியிருந்தார்கள். இன்னும் இரண்டு அடி வைத்தால் கீழே விழுவாய். என் வாயில் ஆங்கிலம் வரவில்லை. "ஐயோ, பின்னாலை பாரடி!" என்று மைக்குக்குள் கத்திவிட்டேன்.

என் கத்தலில் நீ நின்றாய். கொலைகாரனைப் பார்த்து, நெஞ்சு வெடிக்கிற குரலில், "ஐயோ, பின்னாலை பாரடி!" என்றாய்.

ஒரு சொல்லும் விளங்காத கொலைகாரன் உண்மையாகவே திரும்பிப் பின்னால் பார்த்தான்.

இயக்குநர் துள்ளி எழும்பினார். "உது உங்கடை பாஷையோ? அருமை! அப்பிடியே இருக்கட்டும்" என்றார். உன் பாஷை தெரிந்த கமெராக்காரப் பையன் ஒருவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். ட்ரெய்லருக்குள் வந்து கதவைச் சாத்தினதும், "அக்கா, நான் என்ன சொன்னனான்?" என்று கேட்டாய். விளக்கினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் குந்தியிருந்து சிரித்தாய். அந்த வரி இன்றைக்கும் அந்தத் தொடரில் கிடக்கிறது. ஸ்காபரோவில் எத்தனை தமிழ் வீடுகளில் அதைக் கேட்டுக் கோப்பையைக் கீழே போட்டார்களோ தெரியாது.

அடுத்த வருஷம் நீயாகவே விலகினாய். களைப்பு என்று பத்திரிகையில் வந்தது. குடி என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

நீ செத்தபிறகு வைத்த இரங்கல் கூட்டத்தில் பின்வரிசையில் இருந்தேன். உன்னோடு நடித்தவன் ஒருவன் மேடையில் ஏறி, காலையிலேயே நீ தள்ளாடி வசனத்தைத் தேடுவாய் என்று நடித்துக் காட்டினான். சபை சிரித்தது. நான் எழும்பி, "அவள் ஒருநாளும் குடிக்கவில்லை" என்றேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், உரத்து. யார் இது என்று யாரோ கேட்க, ட்ரெய்லர் கூட்டுகிற மனிசி என்று யாரோ பதில் சொன்னார்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் அவன் வாய் அன்றைக்கே மூடியிருக்கும். வாக்குக் கொடுத்திருந்தேன், சொல்லவில்லை. அவனை இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற எண்ணமும் இல்லை.

இன்று காலை பக்கத்து அப்பார்ட்மென்ட் இராசம்மா அக்கா என் காதைப் பார்க்க வந்தார். அவரிடமும் இதே கருவி இருக்கிறது. போனோடு இணைத்துத் தேவாரம் கேட்பார்.

"பிள்ளை, நீ ஏன் கவலைப்படுறாய்? போனை இதோடை இணைச்சு விடுறன். நான் வெளியிலை இருந்து சொல்லித் தாறன். நீ அப்பிடியே டொக்டருக்குச் சொல்லு."

"அக்கா, இண்டைக்கு என்ன கிழமை?"

"வெள்ளி."

"செவ்வாய்."

"அப்ப நான் விரதம் இருந்தது?"

இருவரும் சிரித்தோம். அவர் போனபிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் என் மனம் அந்த யோசனையை உண்மையாகவே பிடித்துக்கொண்டது. வதனிக்குத் தெரியாமல் யாரைப் பிடிக்கலாம், போனை எந்தப் பையில் வைக்கலாம் என்று யோசித்தபடி நின்றேன். குனிந்து பார்த்தபோது, என் கை சட்டையின் தையல் விளிம்பைக் கசக்கிக்கொண்டிருந்தது.

ஒன்றை எழுதப் பயந்து கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தேன். முதியோர் இல்லத்தில் உன்னைக் கடைசியாகப் பார்த்த பகல். முதலில் உன்னை விட்டு ஆங்கிலம் போயிருந்தது. பிறகு தாய்மொழியும் போய்விட்டது என்று உன் தங்கை சொன்னாள். மாதக்கணக்காக நீ வாய் திறக்கவில்லையாம். நான் வாசலில் நின்றேன். என்னை உனக்குத் தெரியவில்லை. கண் என்னில் பட்டு, தாண்டி, எனக்குப் பின்னால் எங்கேயோ போய் நின்றது. கை சட்டை விளிம்பைப் பிடித்தது. பிறகு, உச்சரிப்புப் பிசகாமல் சொன்னாய்.

"ஐயோ, பின்னாலை பாரடி."

நான் திரும்பிப் பார்த்தேன். கூடம் வெறுமையாக இருந்தது.

நீ நடித்தாயா, எச்சரித்தாயா என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். எச்சரித்தாய் என்று இப்போது தெரிகிறது. பின்சுவரில்லாத அறையில் இப்போது பின்னால் பின்னால் போய்க்கொண்டிருப்பவள் நான்.

வியாழக்கிழமை அந்த அறைக்குள் கருவியைப் போட்டுக்கொண்டுதான் போவேன், இல்லாவிட்டால் டொக்டர் கேட்பது கேட்காது. போன் வதனியின் கையில் இருக்கும். சொல் வராவிட்டால் வரவில்லை என்று சொல்வேன். உன்னைப் பார்த்து இப்படித்தான் சிரித்தார்கள், என்னைப் பார்த்தும் சிரிக்கட்டும் பார்ப்போம். ஆனால் பயம் இல்லை என்று உனக்குப் பொய் எழுதமாட்டேன். என் கையை நீ பார்த்தாலே தெரிந்துவிடும்.

என் காதில் ஓதுவதற்கு எனக்கு வேறு யாரும் வேண்டாம். உன் ஒரு வரி அங்கே இருக்கிறது. மற்றதெல்லாம் போனாலும் அது கடைசியாகத்தான் போகும். அதைக் கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு அடிக்கும் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடக்கிறேன்.