அக்கரையிலிருந்து வரும் முதல் வரி

1873 மே 28, புதன்

விடுதியில் நீராவிப் படகு ஆட்களின் சட்டைகள் இரண்டு மூட்டை. ஒவ்வொரு காலரிலும் கரி. கை தோல் உரிந்துவிட்டது. மழையே இல்லை, ஆறு இறங்கிக்கொண்டே போகிறது. ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். என் வெள்ளை அங்கியைத் துவைத்து நீலம் போட்டுக் காயவைத்தேன்.

லுசிண்டா பார்த்துவிட்டுச் சிரித்தாள். ஒரே அறையில் இருக்கிறோம், ஒரே தொட்டியில் துவைக்கிறோம், அவளிடம் எதை மறைப்பது? "அரை மைல் தூரத்துல நிக்கிற புருஷனுக்கு உன் அங்கி வெளுப்புதான் தெரியப்போவுதாக்கும்?"

தெரியாது. இருந்தாலும் நீலம் போட்டேன்.

ஜூன் 1, ஞாயிறு

கேட்டேன். அவர் குரலைக் கேட்டேன்.

ஒன்பது வருஷமாகியும் பழகவில்லை. அடிமை வைப்பதைப் பற்றி வடக்கு மாகாணங்களும் தெற்கு மாகாணங்களும் அடித்துக் களைத்துப்போய் இந்த ஆற்றை எல்லையாக வைத்துச் சமாதானம் செய்துகொண்டபோது, நான் வடக்குப் படையின் முகாமில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். படை ராத்திரியோடு ராத்திரியாக ஆற்றைத் தாண்டிவிட்டது, எங்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு. என் புருஷன் ரான்சமும் மகன் ஆசாவும் மூன்று மைல் தள்ளி எஜமானின் பண்ணையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். விடிந்தபோது நான் சுதந்திர நாட்டில். அவர்கள் அடிமை நாட்டில். எங்களைக் கேட்டா கோடு போட்டார்கள்?

சமாதான விதிப்படி ஆற்றைத் தாண்டிக் கூப்பிடக்கூடாது. துணி வீசக்கூடாது. தப்பி வருகிறவர்களைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். எல்லாவற்றையும் யோசித்து எழுதியவர்கள் ஞானஸ்நானத்தை மறந்துவிட்டார்கள். கோடையில் மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் சபை இந்தக் கரையில் தண்ணீரில் இறங்கும். அவர்கள் சபை அந்தக் கரையில் இறங்கும். அங்கே தலைப்பாட்டுக்காரர் முதல் வரியைப் போடுவார், நாங்கள் இங்கிருந்து அடுத்த வரியை எடுப்போம். பாட்டைத் தடுக்க எந்தக் காவல்காரனுக்கும் விதி கிடையாது.

தலைப்பாட்டுக்காரர் என் ரான்சம். பண்ணையில் இருந்தபோதே அவர்தான்.

"தண்ணி எத்தன ஆழம்?" என்று அவர் இழுத்தார். கடைசிச் சொல்லை மேலே தூக்கி, சட்டென்று கீழே விடுவார். வேறு யாரும் அப்படி விடமாட்டார்கள். "என் தேவன் இறங்கின ஆழம்" என்று நாங்கள் பாடினோம். நான் கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவர் பக்கத்தில் சின்ன உருவம் ஏதாவது தெரிகிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். ஆசா எப்போதும் தன் அப்பா கையை விடமாட்டான். எல்லாம் வெள்ளைப் புள்ளிகள்தான்.

ஜூன் 2

லுசிண்டா சொல்கிறாள்: "சின்ன உருவமா? அவனுக்கு மீச முளைச்சிருக்கும்டி." எரிச்சல் வந்தது. கஞ்சித் தண்ணீரை அவள் காலில் ஊற்றாதது அவள் அதிர்ஷ்டம்.

ஜூன் 15, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் எங்கள் பாஸ்டர் ஹோசியா சொல்லிவிட்டார். சபை முழுவதும் நெப்ராஸ்காவுக்குப் போகிறது. மேற்கே நிலம் தருகிறார்கள், வெள்ளையருக்கும் நமக்கும் ஒரே விதி. செப்டம்பரில் பயணம். எல்லோரும் கைதட்டினார்கள். லுசிண்டா பெஞ்சிலிருந்து எழுந்து ஆடியே விட்டாள்.

நான் கைதட்டவில்லை. சபை போய்விட்டால் இந்தக் கரையிலிருந்து அடுத்த வரியை யார் பாடுவது? அவர் முதல் வரியைப் போட்டுவிட்டுக் காத்திருப்பார். ஒன்றும் வராது. நான் செத்துப்போனதாக நினைப்பார்.

ஜூலை 6, ஞாயிறு

தண்ணீர் இன்னும் குறைந்துவிட்டது. இடுப்பளவு வேண்டுமென்று நெடுந்தூரம் உள்ளே நடந்தோம். அவர்களும் நடந்தார்கள். குரல் இவ்வளவு பக்கத்தில் ஒருநாளும் கேட்டதில்லை. எவ்வளவு இளமையாக இருக்கிறது! போன வருஷம் கோடையில் இரண்டு மாதம் குரலே வரவில்லை. மூன்றாவது மாதம் வந்தபோது கரகரவென்று இருந்தது. காய்ச்சலில் கிடந்திருப்பார் என்று அழுதேன். இப்போது நன்றாகத் தேறிவிட்டார்.

ஜூலை 7

போகமாட்டேன். முடிவு.

ஜூலை 19

பாஸ்டர் வந்திருந்தார். சோள ரொட்டியும் சர்க்கரைப் பாகும் வைத்தேன். சாப்பிட்டுவிட்டு மெதுவாக ஆரம்பித்தார். "டெம்பி, ஒரு குரலுக்காக ஆயுச இங்க வீணாக்குவியாம்மா? அங்க உனக்குன்னு ஒரு வீடு, ஒரு நிலம்..."

"குரல் இல்லாத வீட்டுல நான் என்னத்த ஐயா பண்ணப்போறேன்?" என்று கேட்டேன். அவர் தட்டில் மிச்சமிருந்த பாகை ரொட்டியால் துடைத்தெடுத்தார். நல்ல மனுஷர். நான் இன்னும் கொஞ்சம் மரியாதையாகப் பேசியிருக்கலாம்.

ரான்சமின் வாசனைகூட மறந்துவிட்டது. குரல் மட்டும்தான் மிச்சம். அதையும் விட்டுவிட்டு வா என்றால் எப்படி?

ஆகஸ்ட் 2

ஆற்றில் கரையோரம் மணல் திட்டு தெரிகிறது. நாளை ஞானஸ்நானம், சபை மேற்கே போவதற்கு முன் கடைசிக்கு முந்தினது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

கரையோரம் கணுக்கால் தண்ணீர்தான். முக்குவதற்கு ஆழம் வேண்டும், ஆழம் நடுவில்தான் இருந்தது. நாங்கள் நடக்க, அவர்களும் நடக்க, கடைசியில் இரண்டு சபைக்கும் நடுவே கல் எறியும் தூரம். எல்லோரும் வெள்ளை அங்கி. எங்கள் காவல்காரன் கரையில் மர நிழலில், அவர்கள் காவல்காரன் அந்தக் கரையில் மர நிழலில். இந்த வெயிலில் யார் நிழலை விட்டு வருவார்கள்?

முகங்கள் தெரிந்தன. ஒவ்வொரு முகமாக ரான்சமைத் தேடினேன். இல்லை. மறுபடி முதலிலிருந்து தேடினேன். அப்போது குரல் எழுந்தது. "தண்ணி எத்தன ஆழம்?" அதே தூக்கல், அதே இறக்கம். பாடியது ஒல்லியான, உயரமான ஒரு பையன்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் புருஷனின் குரல் ஏன் யாரோ ஒருவன் வாயிலிருந்து வருகிறது? நான் பாடவே இல்லை. சுற்றிலும் எல்லோரும் பாடினார்கள்.

அந்தக் கரைப் பாஸ்டர் அவனைப் பிடித்துத் தண்ணீரில் முக்கினார். அவர் கை மட்டும் மேலே வந்தது. பையன் வரவில்லை. அவர்கள் பாட்டு இன்னும் உரத்தது. எங்கள் பாட்டும் உரத்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாஸ்டர் ஹோசியாவின் காலடியில் தண்ணீர் கலங்கியது. அவர் குனிந்து இரண்டு கையையும் உள்ளே விட்டு, ஒருவனைத் தூக்கி நிறுத்தி, அவன் தலையில் கையை வைத்து, "பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில்" என்று ஒரு சொல் பிசகாமல் முடித்தார். கரையிலிருந்து பார்த்தவனுக்கு அவர் காலையிலிருந்து முக்கி எடுத்தவர்களில் அவனும் ஒருவன்.

தண்ணீருக்கடியிலேயே நீந்தி வந்த பையன் இருமினான். தண்ணீரைத் துப்பினான். என்னைப் பார்த்தான்.

"அம்மா" என்றான். அந்தக் குரலில்.

ஆகஸ்ட் 4

விடுதியில் துணிக்குக் கஞ்சி போடும் அறையில், மூட்டைகளுக்குப் பின்னால் தூங்குகிறான். கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. இவ்வளவு நீளக் கால். நான் ஏழு வயசுப் பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தேன். லுசிண்டா அவன் மீசையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நல்லவேளை, ஒன்றும் சொல்லவில்லை.

காலையில் கேட்டுவிட்டேன். "அப்பா எங்கடா?"

"போன வருஷம் வசந்த காலத்துல டெக்சாஸ் பக்கம் வித்துட்டாங்கம்மா. புதுசா திறந்த பருத்திக் காட்டுக்கு."

அவனே சொன்னான். "வண்டில கட்டுறப்ப சொன்னாரு, 'அக்கரையில உங்கம்மா நின்னு கேட்டுகிட்டிருப்பா. என் இடத்த காலியா விட்றாத.' எனக்கு அப்ப குரல் உடைஞ்சுகிட்டிருந்துச்சு. ரெண்டு மாசம் பாடவே முடியல. அப்புறம் அவரு மாதிரியே எடுத்துப் பழகினேன். நீ ஏமாந்துட்டியாம்மா?"

இல்லைடா என்றேன். ஏமாந்தேன். ஒரு வருஷம் முழுவதும் சந்தோஷமாக ஏமாந்தேன். இவனைப் பார்க்கப் பார்க்கப் பூரிக்கிறது, அவரை நினைத்தால் தாங்கவில்லை. இரண்டையும் ஒரே நெஞ்சில் எங்கே வைப்பது?

ஆகஸ்ட் 5

அக்கரையில் தலை எண்ணியிருப்பார்கள். ஆள் கேட்டு வருவதற்குள் கிளம்ப வேண்டும் என்கிறார் பாஸ்டர். பாதிப் பேர் இப்போதே போகிறோம், மீதிப் பேர் செப்டம்பரில். அந்தக் கரையில் இனி யார் பாடுவார்கள் என்று ஆசாவிடம் கேட்டேன். "டில்சின்னு ஒரு பொண்ணு. அவகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன்" என்றான். காது சிவந்தது அவனுக்கு. அப்படியா சேதி.

ஆகஸ்ட் 6

லுசிண்டா வரவில்லையாம்! பெஞ்சிலிருந்து எழுந்து ஆடியவள். "அந்தப் பொண்ணு முதல் வரியப் போட்டா இங்க பதில் சொல்ல ஒரு வாயாவது வேணும்ல? என் வாயப் பத்தித்தான் ஊருக்கே தெரியுமே." பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு சட்டைகளைப் பிழிந்தாள். நான் பின்னாலிருந்து கட்டிக்கொண்டேன். ஈரக் கையால் என்னைத் தள்ளினாள்.

ஆகஸ்ட் 8

ரயிலில். ஆறு கண்ணுக்கு மறையும்வரை நான் திரும்பிப் பார்த்தேன், ஆசா பார்க்கவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு. நெப்ராஸ்கா

புல்லோடு மண்ணை வெட்டியெடுத்து அடுக்கியே வீடு கட்டுகிறோம். ஆசா இரண்டு சுவரை முடித்துவிட்டான். என் கை ஆறிவிட்டது. மரம் இல்லை, ஆறு இல்லை, எங்கே பார்த்தாலும் புல்.

முதல் ஞாயிறு என்று அவனுக்கும் ஞாபகம் இருந்தது. வெள்ளை அங்கியை எடுத்தேன். நீலம் போட்டுத்தான் வைத்திருந்தேன். "இங்க யாரும்மா கேக்கப்போறா?" என்றான். டெக்சாஸ் எந்தப் பக்கம் என்று கேட்டேன். யோசித்துவிட்டுத் தெற்கே கையைக் காட்டினான்.

தெற்கு பார்த்து நின்றோம். இந்தத் தடவை முதல் வரியை நான் போட்டேன். கடைசிச் சொல்லை அவர் மாதிரியே தூக்கிக் கீழே விட்டேன், சரியாக வரவில்லை. அடுத்த வரியைப் பாட ஆசா வாயைத் திறந்தான். அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

டெக்சாஸில் அவர் அடுத்த வரியைப் பாடி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் சும்மா நின்றோம். பிறகு நான் பாட்டின் அடுத்த அடிக்கு முதல் வரியைப் போட்டேன்.