சிவப்புக் கயிறு கட்டிய கிளை

நவம்பர் 17

மாடியில் என் தொட்டிமரத்துக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன். குடித்துவிட்டு இன்னொன்று கேட்டது.

பக்கத்து மொட்டைமாடியிலிருந்து லாய் ஷிங் எட்டிப் பார்த்து, மரத்துக்கு என்ன வயது என்றான். நூற்றைம்பது என்றேன். போன மாதம் நூற்றிருபது சொன்னீர்களே என்றான். என் கையில் மரம் வேகமாக வளரும், அதற்கு நான் என்ன செய்ய? ஊர்த் தொட்டிமரச் சங்கத்துக்குச் செயலாளர் ஆனதிலிருந்து இவனுக்குக் கேள்விகள் அதிகம்.

பிறகு இடது கிளையைக் காட்டினான். "பீரங்கி மாமா, கட்டைவிரல் கனத்துல வெட்டவேண்டிய கிளை. இப்பப் பாருங்க, என் மணிக்கட்டு கனம். அத வெட்டாம புதுவருஷக் கண்காட்சிக்குத் தூக்கிட்டு வராதீங்க."

எனக்கா பாடம்? கம்பி சுற்றி வளைப்பது வடக்கத்தியான் வேலை. நாம் கிளையை அதன் இஷ்டத்துக்கு ஓடவிட்டு, வேண்டிய கனம் வந்ததும் ஒரு கணு வைத்து வெட்டுவோம். அதிலிருந்து அடுத்தது ஓடும். அதையும் வெட்டுவோம்; வெட்டுக்கு ஒரு கணு என்று கணக்கு. இந்த டெல்டாவிலேயே தடித்த கிளை என்னுடையதாக இருக்கட்டும் என்றுதான் விட்டிருக்கிறேன் என்றேன். நம்பவில்லை. பொறாமை.

நவம்பர் 24

என் வீட்டுக்காரி கொய்-லான் போன் செய்தாள். ஜனவரிக் கடைசியில், சீனப் புதுவருஷத்துக்கு வருகிறாளாம். டிக்கெட் வாங்கியாயிற்று. பதினைந்தாம் நாள் விளக்குத் திருவிழா முடிந்து மறுநாளுக்கு மறுநாள் திரும்பிப் போகிறாள்.

மகளின் பிரசவத்துக்கு மூன்று மாதம் என்று வான்கூவர் போனவள். பிறகு தொற்றுநோயில் விமானம் நின்றது. பிறகு இரண்டாவது குழந்தை. ஐந்து வருஷம்.

"அந்தக் கிளை மூணாவது கணு வந்துருச்சுன்னீங்களே, இலையெல்லாம் கழட்டி வைங்க. அம்மணமாப் பாக்கணும்" என்றாள்.

வைக்கிறேன் என்றேன். வேறென்ன சொல்வது?

நவம்பர் 25

தூக்கமில்லை. பொய் என்று சொல்லக் கூடாது. அவள் கேட்கும்போதெல்லாம் கொஞ்சம் முன்னால் போய்ச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். முதல் வருஷமே வெட்டியாச்சு என்றேன். பிறகு இரண்டாவது கணு, மூன்றாவது கணு. போனவருஷம் கண்காட்சியில் வெள்ளிப்பதக்கம்கூட. வீடியோவில் வலப்பக்கத்தை மட்டும் காட்டினேன். மரத்துக்கும் நல்ல பக்கம் என்று ஒன்று உண்டல்லவா?

டிசம்பர் 15

மழைத்தூறல். வேலையில்லை.

இந்த மரம் கிடைத்த கதையைச் சங்கத்தில் பலவிதமாகச் சொல்லியிருக்கிறேன் – மலையுச்சி, கயிறு, பாம்பு. இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். மின்விசிறித் தொழிற்சாலைக்குப் பின்னால், மதிலோரம் ஒரு போக் மரம் இருந்தது. (அந்த ஊரில் இதை ஹாக்பெர்ரி என்கிறார்களாம், மகள் சொன்னாள். வாயில் நுழையவில்லை.) அதன் பச்சைக் காயை மூங்கில் குழாயில் போட்டு, குச்சியால் குத்தினால் 'பாக்' என்று பறக்கும். பையன்கள் விளையாட்டு. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பொட்டலம் கட்டும் பிரிவிலிருந்து ஒருத்தி வந்தாள், அவள் தொப்பியில் குறி வைத்தேன். நூறு அடி தூரம். கொய்-லான் பத்து அடி என்பாள். பட்டது காதில். திரும்பி வந்து, குழாயைப் பிடுங்கி, "பெரிய பீரங்கியோ?" என்று கேட்டாள். அந்தப் பெயர் அன்றிலிருந்து ஒட்டிக்கொண்டது. எங்கள் பேச்சில் பீரங்கி விடுவது என்றால் புளுகுவது.

மதிலை இடித்துச் சாலை போட்டபோது அடிக்கட்டையைத் தோண்டினோம். அவளுடைய மழைக்கோட்டை நனைத்துச் சுற்றி, ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு வந்தோம். வழியெல்லாம் நான்தான் முக்கால் பாரம் சுமந்தேன். அதற்கும் அவளிடம் வேறு கணக்கு உண்டு.

எங்கே வெட்டுவது என்று எப்போதும் அவளைக் கேட்பேன். மரியாதைக்காக. காலுறையை அந்த இடது கிளையில்தான் காயப்போடுவாள். எத்தனை சண்டை!

ஜனவரி 5

இலை கழற்றினேன். கையால், ஒவ்வொன்றாக. புதுவருஷத்துக்குச் சரியாகத் தளிர் வைக்கும்.

இலை இருக்கும்வரை எந்த மரமும் பீரங்கி விடலாம். போனபிறகு எந்தக் கை எங்கே வெட்டியது, எங்கே வெட்டவில்லை, எல்லாம் தெரிகிறது.

ஜனவரி 8

ரம்பத்தோடு மேலே போனேன். திட்டம் இதுதான்: இன்று வெட்டுவது, வெட்டிய இடத்தில் கரியும் தேயிலைச் சாறும் பூசிப் பழையதாக்குவது, மீதியை வாயால் சமாளிப்பது.

கொய்-லான் வான்கூவர் போன அன்று காலையில், கேக் பெட்டியின் சிவப்பு நைலான் கயிற்றைக் கிளையில் கட்டிவிட்டுப் போனாள். "இங்க வெட்டுங்க. ஒரு விரல் தள்ளினாலும் எனக்குத் தெரியும்." கிளை தடித்துத் தடித்து இப்போது கயிற்றை விழுங்கிவிட்டது. முடிச்சு மட்டும் பட்டைக்கு வெளியே தெரிகிறது. வெட்டினால் அதுவும் போய்விடும்.

வெட்டவில்லை. ரம்பத்துக்குக் கூர் போதவில்லை. எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 25

வந்தாள். இளைத்திருக்கிறாள். நான் ஆவியில் வேகவைத்த மீனைச் சாப்பிட்டு, உப்புக் குறைவு என்றாள். நேராக மாடி ஏறினாள். நான் பின்னால். எட்டுப் படி ஏறுவதற்குள் ஆறு கதை தயார் செய்தேன்.

அம்மண மரத்தைச் சுற்றி வந்தாள். கிளைக்கு முன்னால் நின்று, முடிச்சை நகத்தால் நெருடிப் பார்த்தாள்.

"மூணு கணு எங்கங்க?"

"வளந்துச்சு. உள்ள போயிருச்சு" என்றேன்.

"வெள்ளிப்பதக்கம்?"

"அதுவும்."

"ஏன் வெட்டல?" என்றாள். ஆறு கதையையும் விட்டுவிட்டு, முடிச்சைத் தொட்டுக் காட்டினேன். வரலாற்றில் முதல்முறை.

ஜனவரி 30

புதுவருஷத்தின் இரண்டாம் நாள் விருந்து. கண்காட்சிக்கு மரம் போகவில்லை. அதற்கேற்ற பெரிய மேடை அவர்களிடம் இல்லை.

தளிர் வைத்திருக்கிறது, எள்ளளவு. இப்போதே வெட்டிவிடலாமா என்று கேட்டேன்.

"இப்ப வேணாம். சிங்மிங் போகட்டும். சாறு ஏறினாத்தான் காயம் மூடும்" என்றாள்.

சிங்மிங், முன்னோர் கல்லறை துடைக்கும் நாள், ஏப்ரலில். அவள் திரும்பும் டிக்கெட் பிப்ரவரி பதினான்கு. நானும் அவளும் ஒரே நாள்காட்டியைத்தான் பார்க்கிறோம்.

பிப்ரவரி 11

மகளோடு நெடுநேரம் போனில் பேசினாள். நான் மாடியிலேயே இருந்தேன்.

பிப்ரவரி 14

மழை. கொய்-லான் சந்தைக்குப் போய் மீன் வாங்கிவந்தாள். உப்புச் சரியாக இருந்தது.

ஏப்ரல் 7

வெட்டியாயிற்று. ஒரே இழுப்பு! அவள் பிடித்துக்கொண்டாள், கொஞ்சம் அவளும் அறுத்தாள். கயிற்றுக்கு ஒரு விரல் மேலே வெட்டச் சொன்னாள். அவள் அன்று சொன்ன இடம் அதுவல்ல. முடிச்சு மரத்திலேயே இருக்கிறது. லாய் ஷிங் எட்டிப் பார்த்து, இடம் தப்பு என்றான். மரத்துக்கு நூற்றெண்பது வயது, அதற்குத் தெரியும் என்றேன்.

வெட்டிய கிளையை எறியப் போனேன். வாங்கி, இலை உருவி, துணி காயப்போடும் இரண்டு கம்பத்துக்கும் குறுக்கே வைத்தாள். இப்போது அதில் காலுறைகள் காய்கின்றன. தடித்த கம்பளி, அந்த ஊர்க் குளிருக்கு வாங்கியவை. இந்த வெக்கையில் இவை எதற்கு என்றேன்.

"தொட்டி துடைக்க ஆவும்" என்றாள்.